நிறுத்துவதற்குச் சம்பளம்

கிட்ட வந்து உட்காருங்கள், இது கத்திச் சொல்கிற கதை இல்லை. ஊரில் எல்லாரும் ஒரு வேலையைச் செய்வதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள்; நான் நடந்துகொண்டிருக்கிற வேலையை நிறுத்துவதற்குச் சம்பளம் வாங்கினவள்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டு. கப்பலுக்குப் போகிற பெட்டியும் கப்பலில் இருந்து வந்த பெட்டியும் அங்கே வரிசை வரிசையாக அடுக்கிக் கிடக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் தண்டவாளத்தில் ஓடுகிற ஒரு கிரேன். எந்தப் பெட்டியை எடுத்து எந்த லாரியில் வைக்கணும் என்று கம்ப்யூட்டர் கட்டளை அனுப்பும். கிரேன் தானாக நகர்ந்து போய் அந்த இடத்தில் நிற்கும். மேலே கூண்டில் உட்கார்ந்திருக்கிற டில்லி, பெட்டியைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் மட்டும் கை வைப்பான். நடுவில் யாராவது ஏஜென்ட் போன் பண்ணி, "அந்தப் பெட்டி வேணாம்" என்பார். கன்ட்ரோல் ரூமில் இருக்கிற நான் 'ரத்து' பட்டனை அழுத்த வேண்டும். கூடவே வாக்கி டாக்கியில், கிரேனைக் கையால் நிறுத்தச் சொல்லி டில்லிக்கு ஒரு குரலும் கொடுக்க வேண்டும். அந்தக் குரலுக்காகத்தான் என்னை வேலைக்கே எடுத்தார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் கூவின தொண்டை இது. ஏழாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை.

இன்னொருவரையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். காதர் பாய், தண்டையார்பேட்டைக்காரர். பெட்டிக் கதவில் போட்ட சீல் அப்படியே இருக்கிறதா என்று வரிசைக்குள் நடந்து போய்ப் பார்ப்பது அவர் வேலை. வரிசை முனையில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கும். சிவப்பு எரிந்தால் கிரேனுக்கு வேலை இருக்கிறது, உள்ளே போகக் கூடாது. பச்சை எரிந்தால் கிரேன் நின்றுவிட்டது, போகலாம். நாள் பூரா கிரேன் காலடியில் நடக்கிற அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே காவல் அந்தப் பச்சைதான். நான் நிறுத்தினது நிஜமாகவே நின்றால்தான் பாயின் கால் பாயுடையது.

திரையைப் பார்த்து, அது சொல்வதை நம்பி, "ஆச்சு சார்" என்று அடுத்த ஆளுக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிற ஜாதி நீங்களும் என்றால், இனி வருவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

யார்டுக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினவன் பிரவீன். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை இருக்கிறவன்தான், ஆனாலும் என் டிபன் பாக்ஸில் இருக்கிற நெத்திலிக் கருவாட்டைக் கேட்காமல் எடுத்துத் தின்பான். நல்லவன். மகா கெட்டிக்காரன். "இது ஃபங்ஷனல் புரோகிராமிங்க்கா. இதுல கூட்டல் கழித்தல் எல்லாம் எவ்ளோ வேணா போடு, எங்க வேணா நிறுத்து, எவனுக்கும் அடிபடாது. வெளில நிஜமா ஒண்ண அசைக்கிறது கீது பாரு, அதுக்குப் பேரு எஃபெக்ட்டு. அத்த நிறுத்துறதுலதான் வித்தையே கீது" என்பான். எனக்கு எங்கே புரிந்தது? தலையை மட்டும் ஆட்டினேன்.

புது புரோகிராம் வந்த வாரம், இறால் ஏற்றுமதி பண்ணுகிற ஒருத்தர் போனில் அலறினார். அவர் பெட்டிக்குப் பதில் வேறு பெட்டியின் நம்பரைக் கொடுத்துவிட்டார்களாம், ஏற்றாதே என்றார். ரத்து அழுத்தினேன். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றுகிறது, சுற்றுகிறது, அந்தப் பக்கம் கிரேன் பாட்டுக்கு நகர்கிறது. டில்லிக்குக் குரல் கொடுப்பதற்குள் பெட்டி லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு சாவதானமாக 'ரத்து ஆகியது' என்று எழுத்து வந்தது. பெட்டி லாரி மேல், லாரிக்கு வெளியே போகப் பாஸ் இல்லை.

என் கொழுந்தன் காசிமேட்டில் போட்டுக்கு அடியில் முங்கி, போட்டைத் தள்ளுகிற காற்றாடியில் சிக்கின வலையை அறுக்கிறவன். தண்ணிக்குள் இருக்கிறவனைக் கரையில் இருந்து எத்தனை கூப்பிட்டாலும் கேட்காது. மூச்சு வாங்க மேலே வரும்போதுதான் காது திறக்கும். பிரவீன் எழுதினதும் அப்படித்தான். கிரேன் முடிக்கிறவரைக்கும் புரோகிராமும் கூடவே முங்கிக் கிடந்தது. ஒரு காரியம் முடிந்து தலையைத் தூக்கினால்தான் நான் அழுத்தின ரத்து அதன் கண்ணில் படும். ஒன்று சொல்லணும், அதுவரைக்கும் கம்பத்தில் சிவப்பு மாறவே இல்லை. காதர் பாய் வெயிலில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். இறால்காரருக்கு அதெல்லாம் தெரிய வேண்டிய அவசியம் இல்லையே. நேரில் வந்து நின்று கேட்டார்: "ஏம்மா, தாலி கட்டி முடிச்ச பின்னாடி கல்யாணத்த நிறுத்திட்டேன்னு சொல்ற மாதிரி கீதே உன் கம்ப்யூட்டரு!"

வெயிலில் நிற்கத் தேவையில்லை

இறால்காரரைப் போல நாலு பேர் மேனேஜரிடம் கத்தினார்கள். மேனேஜர் பிரவீனிடம் கத்தினார். பிரவீன் புரோகிராமைப் பிரித்து வேறு மாதிரி எழுதினான். இனிமேல் அது கிரேனோடு சேர்ந்து முங்காது. கட்டளையை அனுப்பிவிட்டு, பதில் வருகிறவரைக்கும் கரையில் உட்கார்ந்து காத்திருக்கும். காத்திருக்கிறவனை எப்போது கூப்பிட்டாலும் எழுந்து வந்துவிடுவான் இல்லையா? அதே மாதிரி ரத்து அழுத்தினால் அந்த நொடியே புரோகிராம் எழுந்து வந்துவிடும். வட்டம் கிடையாது, சுற்றல் கிடையாது.

நானும் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுப்பதற்குள் 'ரத்து ஆகியது' என்று வந்தது. பழைய பழக்கத்தில் வாக்கியிலும், "டில்லி, நிறுத்துடா" என்றேன். கிரேன் நின்றது. மேனேஜர் எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். நிறுத்தினது என் குரலா, பிரவீனின் புரோகிராமா என்று அன்றைக்கு எவனும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வாயில் சமோசா இருந்தது.

எல்லாரையும் விட சந்தோஷப்பட்டவர் காதர் பாய்தான். கன்ட்ரோல் ரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டி, கதவைத் திறந்து தலையை நீட்டிச் சொன்னார்: "ஸ்டெல்லாம்மா, இனிமே நான் கருவாடாக வேணாம், உன் டிபன் பாக்ஸ்ல கீறதே போதும்!"

உள்ளே தாழ்ப்பாள்

ஒரு நாள் நாலாம் வரிசை காலையில் இருந்து சிவப்பிலேயே கிடந்தது. கிரேன் சும்மா நிற்கிறது. டில்லி மேலே கூண்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறான். வரிசைக்குள் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் கம்ப்யூட்டர், 'வரிசையில் வேலை நடக்கிறது' என்று சாதிக்கிறது. வெளியே லாரிகள் ரோடு வரைக்கும் நின்றுவிட்டன.

பிரவீன் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். ஒவ்வொரு வேலையும் ஆரம்பிக்கும்போது வரிசைக்கு ஒரு பூட்டுப் போடுமாம், வேறு வேலை உள்ளே வந்து மோதாமல் இருக்க. வேலை முடியும்போது பூட்டைத் திறக்கும். ஆனால் நான் ரத்து அழுத்தினதும் அந்த வேலை பாதியில் எழுந்து ஓடிவிட்டது, பூட்டைத் திறக்காமலே. "ரத்தானாலும் சுத்தம் பண்ணிட்டுத்தான் போவணும்னு எழுதாம வுட்டுட்டேன்க்கா" என்று அங்கேயே உட்கார்ந்து எழுதினான். இனிமேல் எந்த வேலை ரத்தானாலும் சரி, போகிற போக்கில் பூட்டைத் திறந்து, கம்பத்து விளக்கைப் பச்சையாக்கிவிட்டுத்தான் போகும். தப்பவே தப்பாது என்றான். அதுவும் நிஜம்தான். அதற்கு அப்புறம் ஒரு தடவை கூடப் பச்சை தப்பவில்லை.

காலையில் இருந்து ரோட்டில் காய்ந்த சடையங்குப்பத்து லாரிக்காரர் ஒருத்தர் கன்ட்ரோல் ரூம் வரைக்கும் ஏறி வந்தார். பாவம், சண்டை போடக்கூட அவருக்குத் தெம்பில்லை. என் தண்ணி பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆளே இல்லாத வூட்ல உள்ள தாப்பா போட்டது யாருக்கா?"

இரண்டு குரல்

இதற்கு நடுவில் என் வாக்கிக்கு வந்தது வினை. ஒரு ஏஜென்ட் பதறிப்போய்க் கூப்பிட்டார். நான் முதலில் வாக்கியில், "டில்லி, நிறுத்து!" என்றேன். டில்லி கையால் கிரேனை நிறுத்தினான். பட்டனை அழுத்தப் போகிறேன், அதற்குள் இன்னொரு போன். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் என்ன நினைத்தது தெரியுமா? கிரேன் பாதியில் நின்றிருக்கிறது, யாரும் ரத்து சொல்லவில்லை, ஆகவே ஏதோ கோளாறு. கோளாறு என்றால் திரும்ப ஒரு தடவை முயற்சி பண்ணு என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பண்ணியது. டில்லி கையை எடுத்ததும் கிரேன் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்ப, தொங்கின பெட்டி பக்கத்துப் பெட்டியில் போய் இடித்தது. உள்ளே தரைக்குப் போடுகிற டைல்ஸ். கண்ணாடிக்கு உள்ளே வரைக்கும் கேட்டது அந்தச் சத்தம்.

மேனேஜர் பிரவீனைக் கூப்பிட்டார். அவன் உள்ளதைச் சொன்னான். "கோளாறா நிக்கிறது வேற, வேணும்னு நிறுத்துறது வேற சார். அக்கா வாக்கில சொன்னது புரோகிராமுக்குத் தெரியாதுல்ல." மேனேஜருக்கு அது போதுமாக இருந்தது. இனி நிறுத்துவது என்றால் பட்டன் மட்டும்தான், வாக்கி கூடாது. என் கையில் இருந்ததை வாங்கி அவர் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். டில்லி மேலிருந்து போன் பண்ணி, "யக்கா, உன் கொரலு இல்லாம பேஜாரா கீதுக்கா" என்றான். நான் மேனேஜரிடம் போய், "சார், ரெண்டும் இருக்கட்டும் சார். கீழ பாய் நடக்கிறாரு" என்று கெஞ்சினேன். அவர் டைல்ஸ்காரருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இந்த யார்டுல மிச்சம் இருக்கிற ஒரே கோளாறு உன் வாய்தான், ஸ்டெல்லா."

தொண்டை கட்டின மணி

கிரேன் நகரும்போது மணி அடிக்கும். எல்லா வரிசையிலும் கிரேன் இருப்பதால் நாள் பூரா மணிதான். உள்ளே வேலை செய்கிறவனுக்கு அது காதிலேயே விழாது. ஆனால் நாலாம் வரிசை மணிக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கும், சளி பிடித்தவன் இருமுகிற மாதிரி. அதை நான் எங்கே இருந்தாலும் சொல்லிவிடுவேன்.

அன்றைக்குக் காலையில் நாலாம் வரிசையில் ஒரு பெட்டியை நிறுத்தச் சொன்னார்கள். சீலில் சந்தேகம், பார்த்த பிறகு ஏற்றலாம் என்றார்கள். ரத்து அழுத்தினேன். 'ரத்து ஆகியது'. கம்பத்தில் பச்சை. காதர் பாய் டீயை முடித்து, கிளாஸைக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, பச்சையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே நடந்தார். அந்தப் பெட்டியின் கதவு தண்டவாளத்துப் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு காலைத் தண்டவாளத்தில் வைத்து எம்பினால்தான் சீல் தெரியும். அவர் முதுகு கிரேன் பக்கம்.

அந்த நேரம் கன்ட்ரோல் ரூம் கதவைத் திறந்துகொண்டு யாரோ வந்தார்கள். திறந்த கதவு வழியாக இருமல் கேட்டது. திரையைப் பார்க்கிறேன், ரத்து ஆகியது. விளக்கைப் பார்க்கிறேன், பச்சை. காதில் மட்டும் நாலாம் வரிசை மணி. கை தானாக மேசைக்குப் போனது. வாக்கி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இரும்புப் படியில் ஓடி வந்து, "பாய்! நவுரு பாய்!" என்று காசிமேட்டுக் குரலில் கூவினேன். கீழே நின்ற லாரிக்காரர் ஒருத்தர் புரிந்துகொண்டு, ஓடிப் போய்க் கிரேன் காலில் அவசரத்துக்கு வைத்திருக்கிற சிவப்புப் பட்டனை அறைந்தார். கிரேன் நின்றது. சக்கரம் பாயின் கால் மேல் ஏறி நின்றது. கூண்டுக்குள் ஏ.சி.யில் இருந்த டில்லிக்கு எதுவுமே கேட்கவில்லை. இறங்கி வந்து பார்த்தவன், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பெரியாஸ்பத்திரியில் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன், வேறு என்ன வாங்கிப் போவது என்று தெரியவில்லை. பாய் திட்டவில்லை. அவர் சம்சாரம் கூட எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பாய் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஸ்டெல்லாம்மா, நீ நிறுத்துனியா இல்லையா? அத்த மட்டும் சொல்லு."

காத்திருந்தது யார்

விசாரணை என்று மேசை போட்டு உட்கார்ந்தார்கள். நான் சரியாகத்தான் அழுத்தியிருந்தேன், கம்ப்யூட்டரிலேயே பதிவாகியிருந்தது. புரோகிராம் சரியாகத்தான் ரத்து ஆகியிருந்தது. பூட்டு சரியாகத்தான் திறந்தது, விளக்கு சரியாகத்தான் பச்சையானது. கிரேனும் தனக்கு வந்த கட்டளைப்படி சரியாகத்தான் நகர்ந்தது. இத்தனை சரிக்கு நடுவில் பாயின் கால் ஒன்றுதான் இருக்கக் கூடாத இடத்தில் இருந்ததாம். "பச்சை எரிஞ்சாலும் ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தானே போகணும்?" என்று ஒரு அதிகாரி கேட்டார். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்றால் பச்சை எதற்கு என்று நான் கேட்டேன். அது எழுதப்படவில்லை.

பிரவீன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாயங்காலம் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "கட்டளை போயாச்சுக்கா. நீ அழுத்தறதுக்கு முன்னாடியே கிரேனுக்குப் போயாச்சு. புரோகிராமு பதிலுக்குக் காத்துக்கினு இருந்துச்சு. நீ அழுத்தினதும் எழுந்து வந்துடுச்சு, போற போக்குல பூட்டத் தொறந்துச்சு, விளக்கப் போட்டுச்சு. கிரேனுக்கு எவனும் சொல்லல." எனக்கு அப்போதுதான் உறைத்தது. கரையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான். கடலுக்குப் போன போட்டுக்கு அது எப்படித் தெரியும்? இத்தனை நாளும் போட்டுக்குத் தெரிந்ததெல்லாம் என் தொண்டை வழியாகத்தான். அதைத்தான் டிராயரில் போட்டுப் பூட்டினார்கள். "அப்போ நீ எழுதின ரத்து எதத்தான்டா நிறுத்திச்சு?" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "காத்திருக்கிறத நிறுத்திச்சுக்கா. அவ்ளோதான்."

ஒரு வரி

மறுநாளே சரி பண்ணிவிட்டான். ரத்து அழுத்தினால் முதலில் கிரேனுக்கு 'நில்' என்று சேதி போகணும். 'நின்றுவிட்டேன்' என்று கிரேன் பதில் சொல்கிறவரைக்கும் பூட்டும் திறக்கக் கூடாது, பச்சையும் எரியக் கூடாது. ஏதோ பெரிய மராமத்து, மாசக்கணக்கில் ஆகும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வரி. எனக்கு வந்த டீ ஆறுவதற்குள் எழுதி முடித்தான். நாலாம் வரிசையில் ஆளை விலக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். கிரேன் போகும்போது ரத்து அழுத்தினேன். வட்டம் சுற்றியது. இருமல் நின்றது. அதற்கு அப்புறம்தான் பச்சை வந்தது. கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். மேனேஜர் பிரவீன் முதுகில் தட்டிக்கொடுத்தார். சீல் பார்க்க ஒப்பந்தத்தில் வந்திருந்த புது ஆள் பச்சையைப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தான். காதர் பாயை அவனுக்குத் தெரியாது.

எழுதினதை எல்லா வரிசைக்குமாக யார்டு கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவதற்கு முன்னால், என்ன மாற்றினாய் என்று அது ஒரு கேள்வி கேட்கும், பதில் போட்டால்தான் ஏற்றுக்கொள்ளும். பிரவீன் ஒரு நிமிஷம் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தான். அப்புறம் டக்கென்று இரண்டு வார்த்தை அடித்துவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். இன்னாடா போட்ட என்றேன். "மைனர் ஃபிக்ஸ்னு போட்டேன்க்கா. சின்ன ரிப்பேர்."

ஒரு மனுஷன் கால் போன பிறகு எழுதின வரிக்கு எங்கள் கெட்டிக்காரன் கடைசியாக வைத்துவிட்டுப் போன பெயர் அதுதான்.